என் பெயரில் ஒரு ‘அல்லது’

மார்ச் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குடையைப் போன வாரமே எம்ஆர்டி ரயிலில் விட்டாயிற்று. யாழினியைப் பள்ளியில் இறக்கிவிட்டு நனைந்துகொண்டே ஸ்டேஷன். ஜூரோங்கிலிருந்து லிட்டில் இந்தியா வரை உட்கார இடமில்லை. செருப்பெல்லாம் தண்ணீர்.

இன்று செய்ய வேண்டியவை:
– யா. பள்ளிக்கு மருத்துவச் சான்று (போன மாதம் கை, கால், வாய்ப் புண்ணுக்காக லீவு போட்டது. டீச்சர் இரண்டு முறை கேட்டுவிட்டார்)
– கிளினிக் சைட்டில் எழுத்துப் பிழை. ‘பரிசோதணை’யாம். யார் வைத்த மூன்று சுழி?
– வெங்காயம், யா.வுக்கு வெள்ளை சாக்ஸ்
– பாஸ் என்னவாயிற்று என்று நிர்மலா அக்காவிடம் கேட்க

கடைசியைத்தான் முதலில் கேட்டேன். அக்கா கம்ப்யூட்டரைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. “போட்டாச்சு லா. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கேக்கற. என்னை நம்பலையா?” என்றார்.

நம்பாமல் எங்கே போக? ஏழு பேர் உள்ள கம்பெனி. வேலை பாஸ் விண்ணப்பம், லீவு, டீத்தூள் எல்லாம் அக்கா கையில். கோடிங்கும் எழுதுவார். எட்டு வருஷத்துக்கு முன் என்னை இங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். ஏப்ரல் 19-ல் பாஸ் முடிகிறது. என் பாஸில்தான் யாழினி இந்த ஊரில் இருக்கிறாள். செந்திலுக்கு ஷிப்யார்டில் கொடுத்திருக்கும் பாஸில் பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. எனக்குப் புதுப்பிக்கவில்லை என்றால் நானும் அவளும் திருச்சிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மதியம் ஹெல்ப்லைன் அடித்தது. பேர் அமுதா. இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண்கள் கிளினிக்கின் நோயாளி. அந்த கிளினிக்குக்கு நாங்கள் சைட் கட்டிக் கொடுத்து பத்து நாள்தான் ஆகிறது. நோயாளிகள் லாகின் செய்து அவரவர் ரிப்போர்ட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

“மேடம், போன வாரம் ரத்தம் குடுத்தேன். இப்ப லாகின் பண்ணா பிரெக்னென்சி பாசிட்டிவ்னு காட்டுது. கிளினிக்ல யாரும் போன் எடுக்கல. இது என்னோடது தானா?”

“உங்க லாகின்ல வந்தா அது உங்களோடது மட்டுந்தான்கா. அடுத்தவங்களோடது வரவே வராது” என்றேன். எவ்வளவு பெருமை! அந்தக் காவலை எழுதியது நான் அல்லவா. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் ஒரே கேள்வி: உள்ளே வந்தவரின் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா? இல்லையென்றால் வெறும் பக்கம். சைட் விலாசத்தில் வேறு எண்ணைத் தட்டிப் பார்த்தாலும் வெறும் பக்கம். நானே முப்பது தடவை தட்டிப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மா போனிலேயே அழுதுவிட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாம். “உங்க வாய்க்கு சர்க்கரை போடணும்” என்றார். எனக்கும் கண் கலங்கிற்று. சாயங்காலம் தேக்கா சந்தையில் வெங்காயம் வாங்கினேன். சாக்ஸ் மறந்துபோயிற்று.


மார்ச் 4, செவ்வாய்

அட பாவி, என்ன காரியம் செய்தேன்.

அமுதாவுக்கு ஒன்றுமில்லை. நெகட்டிவ். நேற்று ராத்திரியே மாமியார் வீட்டுக்கெல்லாம் சொல்லி ஸ்வீட் கொடுத்திருக்கிறார். காலையில் கிளினிக்குக்குப் போனால் டாக்டர், “இது உன்னுடையது இல்லையே” என்றாராம். அவர் பார்த்தது இரண்டு வருஷத்துக்கு முந்திய ரிப்போர்ட். அதுவும் யாருடையது? கூடப் பிறந்த தங்கை ஆனந்தியுடையது. அப்போது ஆனந்திக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது எல்லாருக்கும் தெரியும்.

டாக்டர் போனில் முதலாளியைக் கிழித்துவிட்டார். முதலாளி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா உள்ளே போனவர் மூன்று மணி வரை வெளியே வரவில்லை.

நான் கோடிங்கைத் திறந்தேன். என் வரி அப்படியே இருந்தது. அதன் வாலில் மட்டும் புதிதாக ஒன்று. எண் ஒன்றாக இருந்தால் காட்டு, *அல்லது* பெயர் ஒன்றாக இருந்தால் காட்டு.

ஒரே ஒரு அல்லது.

கிளினிக்கின் பழைய அட்டைகளில் எண் கிடையாது. பெயர் மட்டும். அதுவும் கவுண்டரில் இருந்த சீனப் பெண் அவர்கள் வழக்கப்படி எழுதியது: குடும்பப் பெயர் பெருமாள், முதலெழுத்து ஏ. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெருமாள் என்பது அப்பா. அமுதாவும் ஏ. பெருமாள், ஆனந்தியும் ஏ. பெருமாள். பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் பெயர் வைக்கிற வீடு போல. பழைய அட்டைக்குத் தேதியும் போடவில்லை. ஏற்றின நாளே ரிப்போர்ட் தேதியாக விழுந்திருக்கிறது. அமுதா வேறென்னதான் நினைப்பார்?

யார் செய்தது என்று ஹிஸ்டரியைப் பார்த்தேன். பிப்ரவரி 20, பகல் 3.40. பக்கத்தில் பெயர்: சுகந்தி.

நான்.

3.40-க்கு நான் பாலிகிளினிக்கில். மடியில் யாழினி, வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்காமல் அழுதுகொண்டு. முந்தின நாள் அக்கா போன் பண்ணினார். “சுகந்தி, உன் பாஸ்வேர்ட்ட அனுப்பும்மா. டாக்டர் பழைய கார்டும் சைட்ல தெரியணும்னு உயிர எடுக்கறாங்க. சின்னத் திருத்தம்தான், நான் பாத்துக்கறேன். நீ பிள்ளைய கவனி.” அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போட்டார்.

இரண்டு தடவை கீழே போய் பால் போடாத காப்பி ஓ குடித்தேன்.


மார்ச் 5, புதன்

வெயில். துணி எல்லாம் மூங்கில் கம்பில் காய்ந்துவிட்டது, அதுவாவது.

அக்காவை டீ போடும் இடத்தில் பிடித்தேன். இருவர் மட்டும்.

“அக்கா, இருபதாம் தேதி என் லாகின்ல நீங்கதானே மாத்துனீங்க?”

“எந்த இருபதாம் தேதி?”

“பாஸ்வேர்ட் கேட்டு போன் பண்ணீங்களே.”

“கேட்டேன். அப்புறம் யூஸ் பண்ணலையேம்மா. நீயே வீட்லேர்ந்து செஞ்சிருப்ப, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத டென்ஷன்ல மறந்திருப்ப.”

டீத்தூளை அளந்து போட்டுக்கொண்டே சொன்னாள். கரண்டிகூட ஆடவில்லை.

இதுவரை இந்த நோட்டில் அக்கா ‘சொன்னார்’, ‘வந்தார்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். இனிமேல் அவளுக்கு ‘ர்’ கிடையாது.

எது சுடுகிறது என்றால், அவளுக்குத் தெரியாத விஷயமா இது? பேங்கில் என்னை ‘மிஸ் கோவிந்தசாமி’ என்று கூப்பிட்டதையும், அப்பா ஊரிலிருந்து வந்துவிட்டாரோ என்று நான் திரும்பிப் பார்த்ததையும் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அவளை ‘மேடம் ராஜு’ என்பார்கள். “எங்கப்பா போய்ச் சேந்தும் என்ன விடமாட்டேங்கறாரு” என்பாள். அப்பா பெயர் குடும்பப் பெயர் இல்லை என்று தெரிந்த ஒருத்தி, ஒரே அப்பாவுக்கு இரண்டு பெண்கள் இருப்பார்கள் என்று யோசிக்காமலா அந்த அல்லதைப் போட்டாள்? யோசித்திருப்பாள். நாளைக்கே சைட் திறக்கணும், எவள் வந்து பார்க்கப் போகிறாள் என்று போட்டிருப்பாள். சரி, தப்பு எல்லாருக்கும் வரும். அதை என் தலையில் வைத்துவிட்டு டீ குடிக்கிறாளே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

முதலாளியிடம் நேரே போய்ச் சொல்லலாம். என்னவென்று? ‘பாஸ்வேர்டைக் கொடுத்தேன்’ என்றா? வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் முதல் விதியே அதுதான். யாருக்காவது கொடுத்தால் அன்றே வேலை போகும். உண்மையைச் சொன்னாலும் நான் காலி. சொல்லாவிட்டாலும் நான் காலி. அவளுக்கு இது நன்றாகத் தெரியும்.

4 மணிக்கு ஹெல்ப்லைன். ஆனந்தி. குரலை உயர்த்தவே இல்லை.

“எங்கக்கா என்கூடப் பேசறதில்ல. அவங்க மாமியார் எங்கம்மாவுக்கு போன் பண்ணி அசிங்கமாப் பேசறாங்க. கிளினிக்க கேட்டா உங்க கம்பெனி தப்புன்றாங்க, உங்க முதலாளிய கேட்டா சிஸ்டம் எரர்ன்றாரு. சிஸ்டம் தானா எழுதிக்குமா? யாரு எழுதுனா? எனக்கு ஒரு பேர் வேணும்.”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நம்பரைக் கொடுத்தார். இதே நோட்டின் பின்னட்டையில் குறித்திருக்கிறேன்.

சைட்டை மூடியாயிற்று. அந்த அல்லதை நானே எடுத்தேன். எடுத்ததும் என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. நல்ல வேடிக்கை.


மார்ச் 6, வியாழன்

காலை ஆபீசில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளை 10 மணிக்கு மீட்டிங். முதலாளி, டாக்டர், அக்கா, நான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எங்கள் பிளாக்கின் கீழே திறந்த வெளியில், வாய்ட் டெக்கில், அவள். குவீன்ஸ்டவுனிலிருந்து இத்தனை தூரம். கையில் எபோக் எபோக், அந்த மலாய் சமோசா, ஒரு பொட்டலம். யாழினி “பெரியம்மா!” என்று ஓடிப் போய்க் கட்டிக்கொண்டது. அவளும் பிள்ளையின் தலையைத் தடவினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. யா.வைச் சைக்கிள் ஓட்டச் சொல்லி அனுப்பினேன்.

“ஆமா, நான்தான்” என்றாள் உட்கார்ந்தவுடன். “ஒத்துக்கறேன். போதுமா?”

“நேத்து ஏன் பொய் சொன்னீங்க?”

“பயம். எனக்கு அம்பத்தி மூணு வயசு சுகந்தி. எங்க வீட்டுக்காரரு வேலை போயி ஒரு வருஷமாச்சு, உனக்கே தெரியும். இந்த வயசுல என்ன வெளிய அனுப்புனா எவன் கூப்பிடுவான்? உனக்கு முப்பத்தஞ்சு. நாளைக்கு மீட்டிங்ல ‘பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, அவசரத்துல செஞ்சுட்டேன்’னு சொல்லு. முதலாளி உன்மேல பிரியம் உள்ளவரு. வார்னிங் லெட்டரோட போயிடும். பாஸ்வேர்ட் பேச்ச எடுத்தா ரெண்டு பேருக்கும் போச்சு.”

நான் சைக்கிள் ஓட்டுகிற யா.வைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாஸ் விஷயம் என் கையில இருக்கு. போட்டாச்சு, இன்னும் ரெண்டு வாரத்துல வந்துடும். நான் இருக்கற வரைக்கும் உன் பாஸுக்கு ஒண்ணும் ஆகாது. யாழினி மேல சத்தியம்.”

என் பிள்ளை மேல் சத்தியம் பண்ண இவள் யார்? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

செந்தில் ஓவர்டைம் முடித்து ஒன்பது மணிக்கு வந்தார். எல்லாம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டவர், “ஒத்துக்கோ” என்றார். “நியாயம் பாத்தா பாஸ் போயிடும். பிள்ளை இப்பதான் ஸ்கூல்ல ஒரு ஃபிரண்டு பிடிச்சிருக்கா.” ரொம்ப சுலபமாகச் சொல்லிவிட்டார். அவர் மேலும் கோபம். ஆனால் அவர் சொன்னதைத்தான் நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எபோக் எபோக்கை யாழினி முழுசும் தின்றுவிட்டது. உருளைக்கிழங்கில் உறைப்பு ஜாஸ்தி என்று தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது.


மார்ச் 7, வெள்ளி

நடந்துவிட்டது. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

10 மணி. டாக்டர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: அவசரத்தில் செய்துவிட்டேன், சோதித்துப் பார்க்கவில்லை, மன்னிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். அக்கா குனிந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன குறிப்போ!

முதலாளி வருத்தமாகத்தான் பேசினார். யோசித்து முடிவு சொல்கிறேன், திங்களிலிருந்து வீட்டில் இரு என்றார். லாகின் அங்கேயே பூட்டப்பட்டது. வார்னிங் லெட்டர் என்ற வார்த்தையே வரவில்லை. வெளியே வந்ததும் அவள் என் தோளைத் தொட்டாள். “சும்மா ஃபார்மாலிட்டி லா.” தோளை இழுத்துக்கொண்டேன்.

மேசை காலி செய்தது: காப்பி மக், யா. வரைந்த மீன், கால்குலேட்டர், வேட்டைக்காரன் பல்பொடி டப்பாவில் போட்டு வைத்த பேனாக்கள். ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிட்டது எட்டு வருஷம்.

சிராங்கூன் ரோடில் நின்றபடியே ஆனந்திக்கு போன் போட்டேன். பேர் கேட்டாரே, சொல்லவேண்டுமே. “நான்தாங்க எழுதினேன். சுகந்தி. மன்னிச்சிடுங்க.”

“நீங்களும் தமிழ்தானே?” என்றார்.

“ஆமாங்க.”

“உங்க பேருக்குப் பின்னாடி இருக்கறதும் உங்கப்பா பேர்தானே? அப்பறம் எப்படிங்க ஒங்களுக்குத் தெரியாமப் போச்சு? ஒரு சீனப் பொண்ணு, மலாய்ப் பொண்ணு எழுதியிருந்தாக்கூட மனசு ஆறும்.”

வைத்துவிட்டார். பூக்கடைக்காரர் “என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா?” என்று ஸ்டூல் போட்டார். உட்கார்ந்தேன்.


மார்ச் 8, சனி

யாழினிக்கு ஸ்பெல்லிங். ‘because’ பத்து தரம். செந்தில் ஓவர்டைம்.

வெள்ளை சாக்ஸ் வாங்கினேன், ஒரு வழியாக.

அவளிடமிருந்து மூன்று மெசேஜ். “சாப்பிட்டியா?” “கவலைப்படாத.” கடைசியில் கைகூப்பிய படம். பதில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுதுவதற்கு ஒன்றும் இராது. தூங்கப் போகிறேன்.


மார்ச் 10, திங்கள்

வீடு. மழை இல்லை, புழுக்கம். யா. பள்ளிக்குப் போனபின் பாத்ரூம் தேய்த்தேன், ஃபேன் இறக்கையைத் துடைத்தேன். 11 மணிக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

பாஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று நாமே பார்த்தால் என்ன என்று தோன்றியது. பாஸ் கொடுக்கிற அமைச்சின் சைட்டில் அவரவர் விண்ணப்பத்தை அவரவரே பார்க்கலாம். எட்டு வருஷத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவள்தான் படம் பிடித்து அனுப்புவாள், நான் நன்றி அக்கா என்று போடுவேன். அடுத்தவர் ரெக்கார்டுக்குக் காவல் எழுதிப் பிழைக்கிறவள், தன் ரெக்கார்டை அடுத்தவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மடச்சி.

பாஸ்போர்ட் எண்ணைப் போட்டேன். பிறந்த தேதி. சுத்தமான வேலை, யார் எழுதினார்களோ. என்னுடையது மட்டும் வந்தது. வேறு ஒருவருடையதும் வரவில்லை.

புதுப்பிப்பு விண்ணப்பம்: நிறுவனத்தால் திரும்பப் பெறப்பட்டது. மார்ச் 4.

மூன்று தடவை படித்தேன். மார்ச் 4. செவ்வாய். மீட்டிங்குக்கு மூன்று நாள் முன்பு. வாய்ட் டெக்கில் வந்து உட்கார்ந்து பிள்ளை மேல் சத்தியம் பண்ணியதற்கு இரண்டு நாள் முன்பு. அந்த சைட்டுக்குள் கம்பெனி சார்பாகப் போகிற லாகின் ஆபீசிலேயே ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

போன் போட்டேன். எடுத்தாள்.

“மார்ச் நாலாம் தேதி என் விண்ணப்பத்த வாபஸ் வாங்கிட்டீங்களா?”

“சுகந்தி... முதலாளி சொன்னாரு. உன் பேர் இருக்குன்னு காமிச்சதும் அவருதான் வாபஸ் வாங்குன்னாரு. நான் என்ன பண்ண முடியும், சொல்லு?”

“பேர காமிச்சது யாரு?”

அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வது கேட்டது.

“அப்ப வியாழக்கிழமை ‘போட்டாச்சு, வந்துடும்’னு எதுக்குச் சொன்னீங்க?”

“உனக்கு எப்படியும் போயிடுச்சு. என்னோட வேலையாவது இருக்கட்டுமேன்னு...”

த்தூ. சொல்லியேவிட்டேன், போனிலேயே. கத்தினேன், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. வைத்தபின் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதது பாஸுக்காக இல்லை. இவளைப் பெரியம்மா என்று கூப்பிடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அதற்கு.

முகம் கழுவினேன். போனில் பிப்ரவரி 19 வரை மேலே தள்ளிக்கொண்டு போனேன். இருக்கிறது. அவள் அழைப்பு பத்தே காலுக்கு. அடுத்து நான் அனுப்பிய பாஸ்வேர்ட். அடுத்து அவள் கட்டைவிரல். மூன்றையும் படம் பிடித்தேன். பாலிகிளினிக் சீட்டு யா. பள்ளிக்குக் கொடுக்க எடுத்து வைத்த உறையிலேயே இருந்தது. பிப்ரவரி 20, வரிசை எண், நேரம் எல்லாம் இருக்கிறது. அதையும் படம் பிடித்தேன்.

முதலாளிக்கு எழுதிவிட்டேன், டாக்டருக்கும் சேர்த்து. பாஸ்வேர்ட் கொடுத்தது என் குற்றம் என்பதை முதல் வரியிலேயே போட்டேன். அனுப்பும் முன் செந்திலுக்கு போன் பண்ணவில்லை.

பின்னட்டையைப் பார்த்து ஆனந்தியைக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

“சொல்லுங்க.”

“வெள்ளிக்கிழமை உங்ககிட்ட பொய் சொன்னேங்க. அத எழுதினது நான் இல்ல. எழுதறதுக்கு என் பாஸ்வேர்ட கொடுத்தது நான். உங்கக்கா போன் பண்ணப்ப, அது அவங்களோடதுதான்னு அடிச்சுச் சொன்னதும் நான். இதெல்லாம் எங்க வந்து சொல்லணும்னாலும் வந்து சொல்றேன்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். டிராயர் திறக்கிற சத்தம்.

“இருங்க, பேனா எடுக்கறேன்” என்றார் ஆனந்தி. “ம். மொதல்லேர்ந்து சொல்லுங்க.”